முன்பல்லுக்குப் போட்ட கேப் பிடிக்கலையா? மறுபடி ட்ரில் வைக்க விடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மேல முன்னாடி நாலு பல்லுக்கும் சிர்கோனியா கேப் (பல்லைச் சுத்திச் சீவிட்டு மேல மூடற உறை, சிர்கோனியாங்கறது பீங்கான் மாதிரி ஒரு வெள்ளைப் பொருள்) போட்டுட்டு வீட்டுக்கு வந்தேன், அம்மா ஒரு நிமிஷம் உத்துப் பாத்துட்டு "ஏன்டி, வேற யாரோட பல்லோ மாதிரி இருக்கே"ன்னாங்க. எனக்கும் அதேதான் தோணுச்சு. பல்லு தடிமனா உதட்டைத் தள்ளிக்கிட்டு இருந்துச்சு, கலரு கண்ணைப் பறிச்சுது, பத்து நாள்ல ஈறு சிவந்து பிரஷ் வச்சாலே ரத்தம் வர ஆரம்பிச்சுது. திரும்பப் போய்ச் சொன்னா, டாக்டர் "பழகிடும்மா, ஒரு மாசம் பாருங்க"ன்னாரு. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டதும் "சரி, இப்பவே வெட்டி எடுத்துட்டு புதுசா அளவு எடுத்துடலாம்"ன்னாரு. அந்த சேர்ல இருந்து எந்திரிச்சு வந்ததுதான் நான் செஞ்ச நல்ல காரியம்.

ஏன்னு சொல்றேன். வெனீர், அதாவது பல்லோட முன்பக்கம் மட்டும் ஒட்டற மெல்லிசான தகடு, அதைப் போட பல்லு மேல சுமாரா 0.3ல இருந்து 0.7 மில்லிமீட்டர் வரைக்கும் சீவுவாங்க, கேப்னா சுத்தி எல்லாப் பக்கமும் அதைவிட நிறைய. பல்லோட மேல் படலமான எனாமல் திரும்ப வளராது. சிர்கோனியா கேப்பை ஒட்டுன பிறகு கழட்டணும்னா பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்கணும், வெட்டும்போது உள்ள இருக்கற உங்க பல்லும் கொஞ்சம் போகலாம். ரெண்டு மூணு தடவை மாத்துனா நரம்பு பக்கத்துல வந்து ரூட் கெனால்ல போய் நிக்க வாய்ப்பு இருக்கு. அதனால பிடிக்கலைன்னு தெரிஞ்ச அன்னைக்கே மாத்தச் சொல்லாதீங்க. என்ன தப்புன்னு முதல்ல கண்டுபிடிங்க.

முதல் ரெண்டு வாரத்துல தானா சரியாகறது சிலது இருக்கு. குளிர்ச்சியா குடிச்சா லேசா கூச்சம், நாக்குக்குப் பல்லு புதுசா தெரியறது, 'ஸ' 'ஃப' சொல்லும்போது காத்து போற மாதிரி இருக்கறது, இதெல்லாம் நிறைய பேருக்குக் குறைஞ்சிடும். கடிச்சா ஒரே ஒரு பல்லு மட்டும் முதல்ல இடிக்குதுன்னா அது பழகற விஷயம் இல்ல, கேப் உயரமா இருக்கு, கலர் பேப்பரைக் கடிக்க வச்சு பாத்து அஞ்சு நிமிஷத்துல தேச்சு சரி பண்ணலாம், அதை விட்டு வச்சாதான் பல்லு வலியும் தாடை வலியும் வரும், சில சமயம் கேப் முனையே உடையும். கேப் ஒட்டுன அன்னைக்கு மரமரப்பு ஊசி போட்டிருந்தா அப்போ கடி சரியா இருக்கான்னு நம்மளால சொல்லவே முடியாது, அதனால மறுநாள் சாப்பிட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ராத்திரி தானா வலிச்சு எழுப்புதா, சூடா காபி குடிச்சா வலி உடனே போகாம ரொம்ப நேரம் இழுக்குதா, வீக்கம் காய்ச்சல் இருக்கா, அப்போ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க, அழகு பத்தின பேச்சு அப்புறம், முதல்ல நரம்பைப் பாக்கணும். வீக்கம் கண்ணுப் பக்கமோ கழுத்துக்கோ போச்சுன்னாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தாலோ நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

அடுத்து, உங்க குறையைப் பிரிச்சு எழுதுங்க. "நல்லா இல்ல"ன்னு மொத்தமா சொன்னா எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நான் ஒரு நோட்டுல எழுதுனேன்: கலர் தனி, வடிவம் தடிமன் தனி, கடி தனி, ஈறு தனி. எந்தப் பல்லுன்னும் எழுதிக்கிட்டேன். இதுல ஈறுதான் முக்கியம், அதைத்தான் எல்லாரும் கடைசியா சொல்றாங்க. ஃப்ளாஸ் நூல் எடுத்து ரெண்டு பல்லுக்கு நடுவுல விட்டுப் பாருங்க, நூல் பிஞ்சு பிஞ்சு வந்தாலோ ஒரு இடத்துல மாட்டுனாலோ கேப்போட ஓரம் துருத்திக்கிட்டு இருக்கலாம், இல்ல ஒட்டுன சிமென்ட் மிச்சம் உள்ள நிக்கலாம். நூல் தடையே இல்லாம சும்மா போச்சுன்னா இடைவெளி இருக்கு, சாப்பாடு போய் மாட்டும். நல்லா பிரஷ் பண்ணியும் கேப் போட்ட பல்லைச் சுத்தி மட்டும் சிவப்பும் ரத்தமும் நிக்கலைன்னா, ஓரம் ஈறுக்குள்ள ரொம்ப ஆழமா போயிருக்க வாய்ப்பு உண்டு. உள்ள மெட்டல் வச்ச பீங்கான் கேப்பா இருந்தா ஈறு ஓரத்துல கருப்பா ஒரு கோடு தெரியலாம், அது உள்ள இருக்கற உலோகம், எவ்வளவு தேச்சாலும் போகாது.

போட்டோ எடுக்கறதை சாதாரணமா நினைக்காதீங்க. காலைல ஜன்னல் பக்கம் நின்னு, ஃப்ளாஷ் ஃபில்டர் எதுவும் இல்லாம, உதடு மூடி, லேசா சிரிச்சு, நல்லா சிரிச்சு, ரெண்டு பக்கமும் எடுங்க. பழைய போட்டோ இருந்தா அதையும் சேத்து வைங்க.

இப்போ அதே கிளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுப் போங்க, கூட்டத்துக்கு நடுவுல போய் நிக்காதீங்க. கோவமா போனா அவங்க தற்காப்புக்குப் போயிடுவாங்க. "டாக்டர், எனக்கு நாலு விஷயம் இருக்கு, ஒவ்வொண்ணா பாத்துச் சொல்லுங்க, இன்னைக்கு எதுவும் வெட்ட வேண்டாம்"னு முதல்லயே சொல்லிடுங்க. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க, ஓரம் சரியா உக்காந்திருக்கான்னு அதுல ஓரளவு தெரியும். வீட்டுக்கு வந்ததும் பேசுனதை அப்படியே வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ அவங்களுக்கு அனுப்பிடுங்க, சண்டையா இல்ல, "இன்னைக்கு நீங்க சொன்னது இது, நான் புரிஞ்சுக்கிட்டது சரியா"ன்னு. பின்னாடி எது தேவைப்பட்டாலும் அந்த மெசேஜ்தான் உங்க கையில இருக்கற ஆதாரம். பில்லு, எக்ஸ்ரே, ட்ரீட்மென்ட் குறிப்பு, கையெழுத்து போட்ட ஒப்புதல் படிவத்தோட காப்பி, என்ன மெட்டீரியல், என்ன ஷேடு (பல் கலரோட அளவு) நம்பர், எல்லாம் கேட்டு வாங்குங்க. சிர்கோனியா கேப்புக்கு லேப் வாரண்டி கார்டுன்னு ஒண்ணு வழக்கமா வரும், நிறைய பேர் அதைக் கேக்கறதே இல்ல.

அப்புறம் இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுங்க. கேப் வெனீருக்குன்னு படிச்சவங்க பிராஸ்தோடான்டிஸ்ட், அதுல எம்டிஎஸ் (பல் மருத்துவத்துல மேல்படிப்பு) முடிச்சவங்களா பாருங்க, ஈறு பிரச்சனைன்னா பெரியோடான்டிஸ்ட். செலவு பயமா இருந்தா சென்னைல பார்க் டவுன் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, இந்தத் துறைங்க எல்லாம் அங்க தனித்தனியா இருக்கு, காலைல சீக்கிரம் போய் சீட்டு எடுத்துட்டு உக்காரணும். ரெண்டாவது டாக்டர் யாரா இருந்தாலும், அவங்ககிட்ட முதல் டாக்டரைப் பத்திக் குறை சொல்லி ஆரம்பிக்காதீங்க, உங்க நோட்டைக் காட்டி "இதுல எதை வெட்டாம சரி பண்ணலாம், எதை மாத்தியே ஆகணும், மாத்தாம விட்டா என்ன ஆகும்"னு மூணே கேள்வி கேளுங்க, பதிலை எழுதி வாங்குங்க. உடனே "எல்லாத்தையும் எடுத்துட்டு பத்து பல்லுக்கு ஸ்மைல் டிசைன் பண்ணிடலாம்"னு ஆரம்பிக்கற இடமா இருந்தா, நான் அங்க பண்ணிக்க மாட்டேன்.

வெட்டாம சரி பண்ண முடியறது நாம நினைக்கறதைவிட அதிகம். காம்போசிட் பாண்டிங்னா (பல் கலர்ப் பசையைப் பல்லு மேல வச்சு வடிவம் பண்றது) பாலிஷ் போடலாம், கொஞ்சம் சேக்கலாம், குறைக்கலாம். பீங்கான்லயும் சிர்கோனியாலயும் கூர் முனை, நீளம், லேசான தடிமன் வரைக்கும் தேச்சு பாலிஷ் போட்டுடலாம், பாலிஷ் போடாம சொரசொரப்பா விட்டா அழுக்கு பிடிக்கும், எதிர்ப் பல்லும் தேயும். ஆனா கலரு மாறாது. ப்ளீச்சிங் நம்ம பல்லுல மட்டும்தான் வேலை செய்யும், கேப்புல வேலை செய்யாது.

காசு விஷயம். முதல்ல கேக்க வேண்டியது, இலவசமா மாத்தித் தரணும் இல்ல காசைத் திருப்பித் தரணும், ரெண்டுல ஒண்ணு. அவங்க மேல நம்பிக்கை போயிடுச்சுன்னா காசைக் கேக்கறதுதான் நல்லது. திருப்பித் தரும்போது "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து கேக்கலாம், வலி இன்னும் இருந்தா அவசரப்பட்டுப் போடாதீங்க. ஒத்து வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழ்லயும் பேசலாம். காசு கொடுத்து வாங்கற மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துல வரும்னு 1995லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2019 சட்டப்படி பிரச்சனை நடந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடணும், நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம், நுகர்வோர் கேஸுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதில ஆன்லைன்லயும் போடலாம். ஆனா கலர் பிடிக்கலைங்கறது மட்டும் அலட்சியம்னு நிக்காது, ரெண்டாவது டாக்டர் எழுதிக் கொடுத்த குறிப்பும் எக்ஸ்ரேயும்தான் அங்க பேசும். டாக்டரோட நடத்தை பத்தின புகார்னா தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில், அங்க நடவடிக்கை எடுப்பாங்க, நஷ்ட ஈடு வாங்கித் தர மாட்டாங்க. கூகுள்ல ரிவ்யூ எழுதறதா இருந்தா நடந்ததை மட்டும் எழுதுங்க, திட்டாதீங்க, அது திரும்ப உங்க மேலயே அவதூறு கேஸா வரலாம்.

மாத்தியே ஆகணும்னு முடிவானா, இந்தத் தடவை அவசரமே வேண்டாம். ஈறு புண்ணா இருக்கும்போது அளவு எடுத்தா ஓரம் மறுபடி தப்பாத்தான் வரும், அதனால தற்காலிக கேப் போட்டு ஈறு ஆற விடணும், எனக்கு 5 வாரம் ஆச்சு. மெழுகுல மாதிரி செஞ்சு, அதே வடிவத்தைத் தற்காலிகப் பொருள்ல வாயில வச்சுக் காட்டச் சொல்லுங்க, மாக்-அப்னு சொல்லுவாங்க, அதே வடிவத்துல தற்காலிக கேப்பும் போட்டுக்கிட்டு வீட்ல பேசிப் பாருங்க, சாப்பிட்டுப் பாருங்க, அம்மாகிட்ட காட்டுங்க. ஷேடு பாக்கறது வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நடக்கணும், வாயை ரொம்ப நேரம் திறந்து வச்சிருந்தா பல்லு காஞ்சு உண்மையைவிட வெளுப்பா தெரியும், அதைப் பாத்து கலர் எடுத்தா தப்பாயிடும். டியூப்லைட் அடில பாக்காம ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. ஃபைனலா ஒட்டறதுக்கு முன்னாடி வாயில வச்சுக் கண்ணாடி பாத்து நீங்க "சரி"ன்னு சொன்ன பிறகுதான் ஒட்டணும், இதை முன்கூட்டியே சொல்லி வச்சிடுங்க.

எனக்கு ரெண்டு கேப்போட ஓரம்தான் தப்பு, மத்த ரெண்டும் தடிமன் மட்டும், அதைத் தேச்சு பாலிஷ் போட்டுட்டாங்க. ஓரம் தப்பா இருந்த ரெண்டை மட்டும் மாத்துனோம், ரத்தம் நின்னுடுச்சு. கலரு நான் ஆசைப்பட்டதைவிட ஒரு ஷேடு வெளுப்பாத்தான் இன்னைக்கும் இருக்கு. கலருக்காக நல்லா உக்காந்திருக்கற ரெண்டு கேப்பை வெட்ட நான் ஒத்துக்கல, புது ரெண்டையும் அதே ஷேடுல செய்யச் சொல்லிட்டேன்.