மீனைப் பார்ப்பதற்கு முன்னால் கடையைப் பாருங்கள்: கொளத்தூர் பக்கம் மீன் வாங்கப் போகிறவர்களுக்கு

வண்ண மீன் விஷயத்தில் வடசென்னைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். நாட்டின் பெரிய வண்ண மீன் சந்தைகளில் ஒன்றான கொளத்தூர் பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக நேரமில்லை என்றால் பெரம்பூர், மூலக்கடை, வண்ணாரப்பேட்டை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மீன் கடை கண்ணில் படும். சிக்கலே கடை நிறைய இருப்பதுதான். எல்லாக் கடையிலும் அதே கப்பி, அதே மோலி, அதே கோல்டு ஃபிஷ். முக்கால்வாசி செங்குன்றம், பொன்னேரி பக்கத்துப் பண்ணைகளிலிருந்தோ கொளத்தூரிலேயே மொட்டை மாடித் தொட்டிகளில் வளர்ப்பவர்களிடமிருந்தோ வருவது. விலையும் ஐந்து பத்து ரூபாய் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அப்படியிருக்க ஒரு கடையில் வாங்கிய மீன் வருஷக்கணக்கில் நிற்கிறது, நாலு கடை தள்ளி வாங்கியது மூன்றாம் நாள் மல்லாந்துவிடுகிறது என்றால் காரணம் என்ன? என் கணக்கில் ஒன்றுதான்: பண்ணையிலிருந்து வந்த மீன் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்தக் கடையில் எத்தனை நாள் இருந்தது, அந்த நாட்களில் கடைக்காரர் அதை என்ன செய்தார்.

அதனால் கடைக்குள் போனதும் விலை கேட்காதீர்கள். "அண்ணே, இந்த லாட் எப்ப வந்துச்சு?" என்று, அதாவது அந்தத் தொகுதி மீன் பண்ணையிலிருந்து வந்து இறங்கியது எப்போது என்று கேளுங்கள். "இன்னிக்குக் காலைலதான் சார் எறங்குச்சு, ஃப்ரெஷ்ஷு" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு வேறு தொட்டியைப் பாருங்கள். ஃப்ரெஷ் என்பது காசிமேட்டில் வாங்கும் வஞ்சிரத்துக்குப் பெருமை. உயிரோடு வீட்டுக்கு எடுத்துப் போகும் மீனுக்கு அது ஆபத்து. கவரில் நெருக்கியடித்து வந்த மீன் தன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவிலேயே ஊறி வந்திருக்கும், செவுள் எரிந்திருக்கும், எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்தில் இருக்கும். அன்றைக்கே அதை இன்னொரு கவரில் போட்டு, இன்னொரு தண்ணீருக்கு மாற்றினால் தாங்குவதே பெரிய விஷயம். கூடவே ஏதாவது நோய் வந்திருந்தால் அது வெளியே தெரிய சில நாள் ஆகும். நல்ல கடைக்காரர் புது லாட்டைத் தனியாகப் போட்டு, ஒரு வாரமாவது தீனி எடுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விற்பனைத் தொட்டிக்கு மாற்றுவார். அவருக்கு இடமும் போகும், மின்சாரமும் போகும், சில மீன் அவர் கணக்கிலேயே சாகும். ஜோடிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டால் அது எதற்கு என்று இப்போது புரியும். அந்த இடத்தில் பேரம் பேசாதீர்கள்.

புதிதாக வந்த லாட்டில்தான் உங்களுக்குப் பிடித்த மீன் இருக்கிறது என்றால் வழி உண்டு. முன்பணம் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். மறுபேச்சில்லாமல் சரி என்பவர் தன் தொட்டியை நம்புகிறார். இழுப்பவர் நம்பவில்லை.

போகும் நேரமும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கொளத்தூர் கடைத்தெருவில் நின்று எதையும் பார்க்க முடியாது. கூட்டத்தில் கடைக்காரருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்காது, பையன்கள் வலையை விட்டு எது மாட்டுகிறதோ அதைக் கவரில் போட்டுத் தருவார்கள். வாரநாள் காலையில், கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போங்கள். இரவில் செத்தவை எடுக்கப்பட்டிருக்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும். நூற்றுக்கணக்கில் மீன் வைத்திருக்கும் இடத்தில் ஒன்றிரண்டு சாகத்தான் செய்யும், அதை வைத்துக் கடையை எடைபோட வேண்டாம். செத்த மீன் பாதி தின்னப்பட்டு, வெளிறிப்போய், ஃபில்டர் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கிறது என்றால் அது நேற்றுச் செத்தது அல்ல. அந்தத் தொட்டியை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் வலை. கடையில் எதைப் பார்க்காவிட்டாலும் வலை எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு தொட்டியில் விட்ட வலையை உதறக்கூட இல்லாமல் அடுத்த தொட்டியில் விடும் கடையில், ஒரு தொட்டியில் இருக்கும் நோய் சாயந்திரத்துக்குள் எல்லாத் தொட்டிக்கும் போய்விடும். ஒழுங்கான கடையில் தொட்டி வரிசைக்குக் கீழே ஒரு வாளி இருக்கும், பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த இளஞ்சிவப்புத் தண்ணீரோ கல் உப்புத் தண்ணீரோ அதில் இருக்கும், வலைகள் அதற்குள் ஊறிக்கொண்டிருக்கும். எடுப்பார், நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசுவார், மீனைப் பிடிப்பார், திரும்ப வாளியில் போடுவார். கேட்டால், "இல்லாட்டி ஒண்ணுல வந்த ஒயிட் ஸ்பாட் எல்லாத்துலயும் பரவிடும்பா" என்று சாதாரணமாகச் சொல்வார். இப்படி ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். ஆனால் தொட்டிகளை எல்லாம் குழாயில் இணைத்து, ஒரே ஃபில்டரில் தண்ணீரைச் சுற்ற விட்டிருக்கும் கடையில் வலையை எத்தனை முறை அலசினாலும் பிரயோஜனமில்லை. அங்கே ஒரு தொட்டியில் நோய் தெரிந்தாலே அந்த வரிசை முழுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

மீனில் என்ன பார்ப்பது? உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி இருந்தால் ஒயிட் ஸ்பாட். நம் ஊர்ச் சூட்டில் அந்த ஒட்டுண்ணி ஒரு வாரத்துக்குள்ளேயே ஒரு சுற்று முடித்துப் பெருகிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ராத்திரிக் குளிரில் தண்ணீர் சட்டென்று ஆறும்போது இது அதிகம் தலைகாட்டும், அந்த மாதங்களில் இரட்டைக் கவனம் வேண்டும். துடுப்பை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு மூலையில் நிற்பது, மேலே வந்து வாயைப் பிளப்பது, கல்லில் உடம்பை உரசுவது, வயிறு ஒட்டிப்போயிருப்பது, செதில்கள் தூக்கி நிற்பது, இவற்றில் ஒன்று ஒரே ஒரு மீனில் இருந்தாலும் அந்தத் தொட்டியில் எதையும் வாங்காதீர்கள். "தீனி போட்டுக் காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். பாய்ந்து வந்து தின்னும் மீன்தான் உங்களுக்கு.

தண்ணீர் நீலமாகவோ மஞ்சளாகவோ இருந்தால் மருந்து ஓடுகிறது என்று அர்த்தம்: நீலம் மெத்திலீன் புளூ, மஞ்சள் பெரும்பாலும் அக்ரிஃப்ளேவின். அதைப் பார்த்ததும் சிலர் ஓடிவிடுகிறார்கள். ஓட வேண்டியதில்லை. ஒரு தொட்டி மட்டும் நீலமாக இருந்து, "இது இப்ப விற்பனைக்கு இல்ல" என்று கடைக்காரரே சொன்னால் அது நல்ல கடை. எல்லாத் தொட்டியும் நீலமாக இருந்து, கேட்டதும் அதிலிருந்தே பிடித்துக் கொடுத்தால் கிளம்பிவிடுங்கள்.

வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் வராத ஒரு விஷயம் நம் பக்கத்துத் தண்ணீர். ஒரு தெருவுக்குப் புழல் தண்ணீர் மெட்ரோ வாட்டராக வருகிறது. மீஞ்சூர் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீரும் வடசென்னைக்குத்தான் வருகிற மாதிரி திட்டம் போட்டார்கள். தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் போரைப் போட்டால் உப்புத் தண்ணீர். கடைக்காரர் எந்தத் தண்ணீரில் மீனை வைத்திருக்கிறார், உங்கள் வீட்டில் எது வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கினால் மீன் நல்லதாக இருந்தும் பிழைக்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் பெரிய விலை இல்லை. வீட்டுத் தண்ணீரை அளந்து, எண்ணை மொபைலில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கப்பியும் மோலியும் கடினத் தண்ணீரை ரசிக்கும் ஜாதி, மோலி உப்புத் தண்ணீரையே தாங்கும். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் மென்மையான தண்ணீர் கேட்பவை, அவற்றைக் கடைக்காரர் ஆர்ஓ தண்ணீரில் வைத்திருந்தால் உங்கள் போர் தண்ணீருக்குள் அவை வந்து விழுவது தண்டனை. "உங்க வீட்ல என்ன தண்ணி?" என்று அவரே முதலில் கேட்டால், அவரிடம் கண்ணை மூடிக்கொண்டு யோசனை கேட்கலாம். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் போட வேண்டும் அல்லது ஒரு நாள் பிடித்து வைத்து ஏர் விட வேண்டும் என்பதையும் அவரே சொல்வார்.

என் கண்ணுக்குக் கடையின் தரம் தெரிவது அது என்ன விற்கிறது என்பதை விட, எதை விற்க மறுக்கிறது என்பதில். புதுத் தொட்டியும் மீனும் ஒரே நாளில் கேட்டுப் பாருங்கள். நல்லவர் தொட்டியை மட்டும் கொடுத்து, ஃபில்டரை ஓட விட்டுவிட்டுப் பிறகு வரச் சொல்வார். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அத்தனை கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். காலி ஃபில்டரை ஓட விட்டால் போதாது, பாக்டீரியாவுக்குச் சாப்பாடும் வேண்டும், அதனால் தினம் ஒரு சிட்டிகை தீனியைத் தொட்டியில் போடச் சொல்வார். இன்னும் அக்கறையானவர் நோயில்லாத தன் தொட்டியில் ஓடிப் பழகிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கொடுத்துவிடுவார், அது வெயிட்டிங்கைப் பாதியாகக் குறைக்கும்.

அடுத்து, "இது எவ்ளோ பெருசு ஆவும்ணே?" என்று கேளுங்கள். "அதெல்லாம் டேங்க் சைஸுக்குத் தகுந்த மாதிரிதான் சார் வளரும்" என்று பதில் வந்தால் அது பச்சைப் பொய். சின்னத் தொட்டியில் மீன் குறுகிப்போவது வளர்ச்சி இல்லை, மெதுவாகச் சாவது. இரண்டடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடித் தொட்டி விளிம்புவரை நிரப்பினாலும் சுமார் 55 லிட்டர்தான் பிடிக்கும். ஆஸ்கர் மீனோ ஒரு அடி வளரக்கூடியது. கண்ணாடி சுத்தம் பண்ணும் என்று சொல்லி விற்கும் சக்கரும் ஒரு அடியைத் தாண்டும், அதுவே பெரிய அழுக்கு. விரல் நீளத்தில் ஷார்க் என்று விற்பது பங்காசியஸ் கெளுத்தி, அது ஒரு மீட்டருக்கு மேல் போகும். வாஸ்து மீன் என்று அரோவானாவைத் தலையில் கட்டுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, வாஸ்துவுக்கு முதலில் ஆறடித் தொட்டி வைக்க இடம் வேண்டும்.

சில விஷயங்களைப் பார்த்தால் பேச்சே வேண்டாம், வெளியே வந்துவிடலாம். கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி, பல வண்ணத்தில் விற்பது. வாலை வெட்டி இதய வடிவம் என்று காட்டும் பேரட் ஃபிஷ். டீ கப் அளவு டப்பாவில் மாதக்கணக்கில் நிற்கும் ஃபைட்டர். வந்தவுடன் சில நாள் டப்பாவில் வைப்பதைப் பரவாயில்லை எனலாம், தண்ணீர் மஞ்சளாகி அடியில் கழிவு படிந்திருந்தால் இல்லை.

சாமான் வாங்குவதற்கும் அதே கடைதான் வேண்டும் என்றில்லை. ஆனால் பெயர் எழுதாத பாட்டிலில் கலர் தண்ணீரை, "எல்லா நோய்க்கும் இது ஒண்ணு போதும்" என்று கொடுப்பவரிடம் மருந்து வாங்காதீர்கள். தீனியைத் தேதி இல்லாத லூஸ் கவரில் வாங்க வேண்டாம். உயிர்ப் புழு வாங்கினால் எங்கே பிடித்தது என்று கேளுங்கள், சாக்கடையில் வாரிய ட்யூபிஃபெக்ஸ் நோயையும் சேர்த்துக் கொண்டுவரும். கடையில் இன்வெர்ட்டரோ பேட்டரி ஏர் பம்போ இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகும் மாற்று ஏற்பாடு இல்லாத கடைக்காரர் மீனைச் சரக்காகத்தான் பார்க்கிறார். நீங்களும் ஒரு பேட்டரி பம்ப் வாங்கிப் போடுங்கள்.

பேக்கிங்கில் அவசரப்பட விடாதீர்கள். கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், மூலையில் மீன் சிக்காமல் இருபக்கமும் மடக்கிக் கட்டியிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பைக் ஹேண்டிலில் தொங்கவிட்டுப் போனால் போகும் வழியிலேயே தண்ணீர் சுட்டுவிடும், துணிப் பையில் வைத்து நிழலில் எடுத்துப் போங்கள். வீட்டில் கவரைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் உங்கள் தொட்டிக்குள் போகக் கூடாது, எவ்வளவு நல்ல கடையாக இருந்தாலும்.

மீன் செத்தால் மாற்றித் தருவார்களா என்று பலர் முதலில் கேட்கிறார்கள். அதைவிட, "தண்ணி கொண்டுவந்தா டெஸ்ட் பண்ணித் தருவீங்களா?" என்று கேட்பது உபயோகம். இன்னொரு கேள்வியும் உண்டு: மீன் தொட்டிக்கு மீறி வளர்ந்துவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? எடுத்துக்கொள்ளும் கடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ராத்திரியில் ரெட்டேரி ஏரியில் கொண்டுபோய் விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் சக்கர் பரவி உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டதற்கு இப்படி விட்டதும் ஒரு காரணம். கடைக்காரர் காசாகத் தர மாட்டார், பதிலுக்கு இரண்டு ஜோடி கப்பியோ ஒரு டப்பா தீனியோ கொடுப்பார், வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.