சிறுநீர்க்குழாய்ச் சுவரை இழுத்து அளக்கும்போது நடக்கும் தவறுகள்

முதலில் பெயர்க் குழப்பம். இங்கே சிறுநீர்க்குழாய் என்பது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் யூரேட்டர், பையிலிருந்து வெளியே போகும் யூரெத்ரா அல்ல. தமிழில் இரண்டுக்கும் இதே சொல்லைப் போட்டுவிடுகிறோம். சுவரின் அமைப்பு வேறு, எனவே ஒன்றின் எண்ணை மற்றதற்கு வைத்தால் கணக்கு கெட்டது.

நான் அதிகம் பார்க்கும் தவறு, "யூரேட்டரின் யங் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) இவ்வளவு" என்று ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்வது. சுவரில் உள்ள கொலாஜன் (சுவருக்கு வலு தரும் புரதம்) இழைகள் சும்மா இருக்கும்போது நெளிநெளியாகக் கிடக்கின்றன. துண்டை இழுத்தால் முதலில் நெளிவு பிரிகிறது, அதற்குப் பெரிய விசை வேண்டாம், அப்புறம் ஒவ்வோர் இழையாக நேராகிச் சுமையைத் தாங்க ஆரம்பித்ததும் சுவர் கிடுகிடுவென்று இறுகிவிடுகிறது. அதனால் தகைவு-திரிபு வரைபடம் (ஓரலகுப் பரப்பில் விழும் விசைக்கு எதிரே நீட்சியின் விகிதம்) முதலில் தரையோடு படுத்துப்போய் கடைசியில் செங்குத்தாக ஏறும். 1971இலேயே ஆய்வாளர்கள் யின், ஃபுங் இருவரும் பாலூட்டிகளின் யூரேட்டர் துண்டுகளை இழுத்துப் பார்த்து இதை எழுதிவிட்டார்கள். வரைபடத்தில் எந்த இடத்துச் சரிவு என்று சொல்லாத குணகத்தை நான் நம்புவதில்லை.

திசையும் அப்படித்தான். நீளவாக்கில் சுவர் விறைப்பு அதிகம், சுற்றுவாக்கில் குறைவு. நீளவாக்குத் துண்டை மட்டும் இழுத்துவிட்டு அந்த எண்ணை வைத்துக் குழாய் எவ்வளவு விரியும் என்று கணக்குப் போட்டால், விடை உண்மையைவிடக் குறைவாகவே வரும்.

இன்னொன்று, எங்கிருந்து அளப்பது? உடலுக்குள் யூரேட்டர் ஏற்கெனவே இழுபட்ட நிலையில்தான் இருக்கிறது, வெட்டியதும் சுருங்கும். ஒரு வளையம் அறுத்து அதன் ஒரு பக்கத்தைக் கத்தரித்தால் வாய் பிளந்து விரியும், அதாவது வெளியிலிருந்து எந்த அழுத்தமும் இல்லாதபோதும் சுவருக்குள் தகைவு மிச்சம் இருக்கிறது. வெட்டிய துண்டின் நீளத்தைத் திரிபின் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டவர், உடலில் அந்தச் சுவர் வேலை செய்யும் இடத்தையே தவறவிடுகிறார்.

உள்விட்டத்தை வைத்துத் திரிபு கணக்கிடுவதும் வம்புதான். காலியாக இருக்கும்போது உள்தடம் மடிப்பு மடிப்பாக நட்சத்திரம்போல இருக்கும். சிறுநீர் வந்ததும் முதலில் மடிப்பு விரிகிறது, அது நீட்சியே இல்லை. உள்தடத்தோடு ஒப்பிட்டால் சுவர் தடிமனும் கணிசம், ஆகவே உள்ளழுத்தத்திலிருந்து சுவரின் தகைவைக் கணக்கிடும், மெல்லிய சுவருக்கான லாப்லாஸ் சூத்திரத்தை அப்படியே போடக்கூடாது.

தசையையும் மறந்துவிடுகிறார்கள். புதிதாக எடுத்த துண்டில் தசை உயிரோடு இருக்கும், தானாகச் சுருங்கும். கொலாஜனின் பங்கு மட்டும் வேண்டுமென்றால் கால்சியம் இல்லாத கரைசலில் வைத்துத் தசையை அடக்க வேண்டும். ஃபார்மலினில் போட்ட துண்டை இழுத்து எண் எடுப்பவர்களும் உண்டு, அதைப் பற்றி என்ன சொல்ல? ஃபார்மலின் புரதங்களைப் பிணைத்துவிடுகிறது, அப்புறம் அளப்பது வேறொரு பொருளை.

படம் எடுப்பதில் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. பிக்ரோசிரியஸ் சிவப்புச் சாயம் போட்டு முனைவாக்கிய (அதிர்வை ஒழுங்குபடுத்திய) ஒளியில் நுண்ணோக்கியில் பார்த்து, சிவப்பு-ஆரஞ்சு என்றால் முதல் வகைக் கொலாஜன், பச்சை என்றால் மூன்றாம் வகை என்று சதவீதம் போடுவார்கள். அந்த நிறம் இழையின் தடிமனையும் நெருக்கத்தையும் வெட்டிய திசுச் சீவலின் கனத்தையும் பொறுத்து மாறுவது, வகையைக் காட்டும் சாட்சி அல்ல. வகை தெரிய அந்தந்த வகையோடு மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். நேர்கோட்டு முனைவாக்கத்தில் வடிகட்டியின் அச்சோடு ஒத்த இழைகள் இருட்டாகிவிடும். நுண்ணோக்கியின் மேடையைச் சுழற்றாமல் எடுத்த ஒற்றைப் படத்தைப் பார்த்து "இந்தத் திசையில் இழையே இல்லை" என்று முடிவுகட்டுவதும் நடக்கிறது. லேசர் ஒளியை இழைகள் இரட்டை அதிர்வெண்ணில் திருப்பித் தருவதைப் படமாக்கும், சாயமே வேண்டாத இரண்டாம் ஹார்மோனிக் முறையிலும் மூன்றாம் வகை மங்கலாகத்தான் தெரியும். எந்த முறையானாலும், இழுக்காமல் எடுத்த படத்தின் நெளிவை இழுத்த சுவருக்குப் பொருத்தாதீர்கள்.

கடைசியாக, சிகிச்சையோடு இதை முடிச்சுப் போடும்போது. கல் எடுக்கும் கருவிக்கு வழிவிட யூரேட்டருக்குள் செலுத்தும் உறைக்குழாய் ஏறாவிட்டால் பலவந்தமாகத் தள்ளாமல் ஸ்டென்ட் (உள்ளே விட்டுவைக்கும் மெல்லிய குழல்) வைத்துவிட்டு, ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி முயல்வார்கள், அப்போது பெரும்பாலும் ஏறிவிடும். "கொலாஜன் நீண்டுவிட்டது" என்று இதை விளக்குபவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். ஸ்டென்ட் உள்ளே இருந்தால் சிறுநீரைக் கீழே தள்ளும் குழாயின் அலையியக்கமும் தளர்ந்துபோகிறது, விரிவதில் அதற்கும் பங்கு உண்டு.