வயோலாவுக்கும் பியானோவுக்கும் முதல் இசைப்படைப்பு எழுதுவது எப்படி?

வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள வில் வாத்தியம்), பியானோ இரண்டுக்கும் சேர்த்து எழுத நினைப்பவர்கள் பெரும்பாலும் பியானோ முன் உட்கார்ந்து கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) தேட ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் வயோலாவிலிருந்து தொடங்குங்கள். பியானோவுக்கு 88 கட்டைகள். எங்கே வேண்டுமானாலும் ஒதுங்கிக்கொள்ளும். வயோலாவின் அழகு நடு ஸ்தாயியில் இருக்கிறது. அந்த இடத்தைப் பியானோ பிடித்துக்கொண்டால் வயோலா காதில் விழாது.

1. தந்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கீழிருந்து மேலே சி, ஜி, டி, ஏ. வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே. அடி சி, பியானோவின் மிடில் சி-க்கு (கட்டைகளின் நடுவில் இருக்கும் சி) ஒரு ஸ்தாயி கீழே இருக்கிறது. சி தந்தி கனத்து ஒலிக்கும், ஏ தந்தி கூர்மையாக ஒலிக்கும். ஆல்டோ கிளெஃபில் எழுதுங்கள் (கிளெஃப் என்பது எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் குறி). அதில் நடுக்கோடுதான் மிடில் சி.

2. நாலு பார் (தாளக் கட்டம்) மெலடி

வாயால் பாடிப் பார்த்து எழுதுங்கள். உதாரணத்துக்கு டி மைனரில் டி, எஃப், இ, அப்புறம் கீழே இறங்கி ஏ. முதல் டி-யைத் திறந்த தந்தியில் வாசித்தால் ஒலி பளிச்சென்று வரும், ஆனால் வைப்ராட்டோ (விரலை அசைத்து ஸ்வரத்தை லேசாக அதிரவைப்பது) கொடுக்க முடியாது. அதே டி-யை ஜி தந்தியில் நான்காம் விரலால் வாசித்தால் ஒலி மென்மையாகும், வைப்ராட்டோவும் கிடைக்கும். ஒரே ஸ்வரம், இரண்டு குணம். எது வேண்டும் என்று யோசித்துக் குறித்துவையுங்கள்.

3. பியானோவுக்கு இடம் பிரியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். மேலே சொன்ன மெலடி மிடில் சி-யைச் சுற்றியே நகர்கிறது. அதே இடத்தில் வலது கையால் மூன்று ஸ்வர கார்டு அடித்தால் வயோலா மூழ்கிவிடும். இடது கையில் இரண்டு ஸ்தாயி கீழே ஒரே ஒரு டி, வலது கையில் ஒரு ஸ்தாயி மேலே இரண்டு ஸ்வரம். நடுவைக் காலியாக விடுங்கள். பெடலையும் அளவாகப் போடுங்கள்.

இன்னொன்று: பியானோவில் அடித்த ஸ்வரம் உடனே தேய ஆரம்பிக்கும். வயோலாவோ வில்லின் தயவில் ஒரே ஸ்வரத்தை வளர்த்துக்கொண்டே போகும். அதனால் வயோலா நீட்டிப் பிடிக்கும்போது பியானோவை நகர விடுங்கள்.

இதையெல்லாம் தாளில் பார்க்க, ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் 1894இல் கிளாரினெட்டுக்கு எழுதி, பிறகு தானே வயோலாவுக்கும் மாற்றிய இரண்டு சொனாட்டாக்களின் ஸ்கோரை (எல்லா வாத்தியங்களின் இசையும் சேர்ந்த இசைத்தாள்) திறந்து வையுங்கள்.

4. வடிவம்

முதல் பகுதி, மாறுபட்ட நடுப்பகுதி, மறுபடி முதல் பகுதி. மூன்று நிமிடம் போதும். திரும்பி வரும்போது மெலடியைப் பியானோவுக்குக் கொடுத்து, வயோலாவைப் பிட்சிகாட்டோவில் (வில் இல்லாமல் விரலால் தந்தியைச் சுண்டி) துணைக்கு விடலாம்.

5. வாசிக்கக் கொடுங்கள்

வில் குறிகளையும் ஒலியளவுக் குறிகளையும் எழுதிச் சேர்த்ததும் ஒரு வயோலா கலைஞரிடம் கொடுங்கள். மியூஸ்கோர் போன்ற இசை எழுதும் மென்பொருளில் ஒலிச் சமநிலை சரியாக இருப்பதுபோலத் தோன்றும், அதை நம்பாதீர்கள். அவர் எந்த பாரில் வில்லை அழுத்தி வாசிக்கிறார் என்று கவனியுங்கள். அந்த இடங்களில் முதலில் பியானோவின் ஸ்வரங்களைக் குறைத்துப் பாருங்கள்.