பிளாஸ்டிக் கயாக் கோணுவது கரையில்தான்: வேலூர் வெயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ ஆம்பூரிலோ வீடு. துடுப்புப் போடுவது முட்டுக்காட்டிலோ பழவேற்காட்டிலோ. வட ஆற்காட்டுப் பக்கம் பிளாஸ்டிக் கயாக் வைத்திருப்பவர்களின் நிலை பெரும்பாலும் இதுதான். படகு தண்ணீரில் மிதப்பது மாதத்துக்கு ஓரிரு நாள். மீதி நாளெல்லாம் மொட்டை மாடியிலோ போர்ட்டிகோவிலோ கிடக்கிறது. போகவர ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வண்டி மேல் பயணம் செய்கிறது. பாறையில் மோதினாலும் தாங்கும் உடம்பு நெளிந்து, அடியில் ஒடுக்கு விழுந்து கெடுவது இந்த நேரங்களில்தான்.

இந்தப் படகுகள் பாலிஎத்திலீன் தூளை அச்சுக்குள் போட்டு, சூடாக்கி, சுழற்றிச் செய்யப்படுபவை. நம் மாடிகளில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் இதே முறையில், இதே பொருளில் செய்ததுதான். பாலிஎத்திலீன் உருக 120 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் ஊர் வெயில் என்ன செய்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். உருகுவதற்கு வெகு முன்பே, 60 டிகிரி வாக்கில், அதன் விறைப்பு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அப்போது ஓரிடத்தில் பாரம் விடாமல் அழுத்தினால், பிளாஸ்டிக் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்து அப்படியே நின்றுவிடும்.

ஆக, கோணலுக்குச் சூடு, ஓரிடத்துப் பாரம், நேரம் மூன்றும் சேர வேண்டும். கத்திரி வெயிலில் நிழலிலேயே 42 டிகிரியைத் தொடும் ஊரில் சூட்டை ஓரளவுக்குத்தான் குறைக்க முடியும். வெயிலில் கிடக்கும் கருநீல, கறுப்புப் படகின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். பாரத்தைப் பரப்புவதும் நேரத்தைக் குறைப்பதும்தான் முழுக்க நம் கையில் இருப்பவை.

வீட்டில் வைக்கும்போது

அதிகம் நடக்கும் தவறு, படகைத் தண்ணீரில் மிதப்பதுபோலவே நிமிர்த்தித் தரையில் வைத்துவிடுவது. சிமென்ட் தரை சமமாக இருக்கிறதே என்று தோன்றும். படகின் அடிப்பகுதி சமமாக இல்லை. நடுவில் ஓடும் முதுகெலும்பும் இருக்கைக்குக் கீழே தாழ்ந்த பகுதியும்தான் தரையைத் தொடுகின்றன. 10 அடிப் படகின் 20, 25 கிலோவும் அந்த இரண்டு மூன்று இடங்களில் இறங்குகிறது. இருக்கைக்குக் கீழே உள்ளே குழிந்துபோன படகுகளில் பெரும்பாலானவை இப்படிக் கிடந்தவைதான். குழிவு விழுந்த படகு நேராகப் போகாது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு வழிகள் நல்லவை. முதலாவது, படகை அதன் பக்கவாட்டில், விளிம்பு கீழே வருமாறு சுவரோடு சாய்த்து நிறுத்துவது. அந்த விளிம்புதான் வளைவும் மடிப்பும் சேர்ந்த, உறுதியான பகுதி. இரண்டாவது, கவிழ்த்து இரண்டு தாங்கிகள் மேல் வைப்பது. எந்த வழியானாலும் தாங்கிகள் இருக்கும் இடம் முக்கியம். 10 அடிப் படகுக்கு இரு முனைகளிலிருந்தும் தலா இரண்டரை அடி உள்ளே தள்ளி, இரண்டுக்கும் நடுவே 5 அடி வருமாறு வையுங்கள். உள்ளே உட்காரும் வகைப் படகில் உள் தடுப்புகள் (உடம்புக்குள் குறுக்குச் சுவர்போல நிற்பவை) இருந்தால், தாங்கிகளை அவற்றுக்கு நேர் கீழே கொண்டுபோவது இன்னும் நல்லது. உடம்பு அங்கேதான் விறைப்பாக இருக்கும். முனைகளில் முட்டுக் கொடுத்தால் நடுப்பகுதி தொங்கும்; நடுவில் கொடுத்தால் முனைகள் தொங்கும்.

தாங்கி படகைத் தொடும் அகலம் 3 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வெறும் ஸ்லாட்டட் ஆங்கிள் கம்பி மேலோ அரை அங்குல இரும்புக் குழாய் மேலோ வைத்தால், ஒரே கோடையில் அந்தக் கோடு படகில் பதிந்துவிடும். மெத்தை போடும் பொருளுக்கு நம் மாவட்டங்களில் பஞ்சமே இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ மெட்டீரியல் கடைகளில் ஈ.வி.ஏ. ஷீட் (செருப்பு, ஷூ அடியில் போடும் மெத்தென்ற ஃபோம்) கிடைக்கும். 10 முதல் 12 மில்லிமீட்டர் கனத்தில் வாங்கி, 2×4 அங்குலச் சட்டத்தின் அகலமான பக்கத்தில் ஒட்டினால் தாங்கி தயார். ஏசி காப்பர் பைப் மேல் மாட்டும் கறுப்பு ஃபோம் குழாய் ஒரு பருவத்துக்குத் தாங்கும். பிறகு நசுங்கித் தட்டையாகிவிடும், மாற்ற வேண்டும்.

கைப்பிடிகளில் கயிறு கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவது இன்னொரு தவறு. தூக்கிக்கொண்டு நடக்கச் செய்த கைப்பிடி, மாதக்கணக்கில் தொங்கவிடச் செய்ததல்ல. மொத்த எடையும் இரு முனைகளில் நிற்பதால் நடுப்பகுதி இறங்கிக்கொண்டே வரும். தொங்கவிடத்தான் வேண்டும் என்றால், கட்டில் பின்னப் பயன்படும் 3 அங்குல நைலான் நாடாவில் இரண்டு தொட்டில் கட்டி, மேலே சொன்ன அதே இடங்களில் படகின் உடம்பைத் தாங்கவிடுங்கள். தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் அடியில் தொங்கவிடாதீர்கள். ஷெட்டுக்குள் மிகச் சூடான இடம் கூரையை ஒட்டிய இடம்தான். அதே ஷெட்டில் இடுப்பளவு உயரத்தில் வைத்தால் படகு எவ்வளவோ பிழைக்கும். செங்குத்தாக நிறுத்துவது ஓரிரு நாளைக்குச் சரி. மாதக்கணக்கில் வேண்டாம், கீழ் முனை நசுங்கும்.

மொட்டை மாடியைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, தரையும் சேர்ந்து கொதிக்கிறது. மாடிப்படிக்குக் கீழே, வீட்டின் வடக்குச் சுவர் ஓரம், கார் நிற்கும் போர்ட்டிகோவின் உள்பக்கச் சுவர், இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும். வெயில் படும் இடம்தான் கிடைத்தது என்றால் மேலே ஒரு துணியோ வெள்ளைத் தார்ப்பாயோ கட்டுங்கள்; அது படகைத் தொடாமல் ஓரடி மேலே நிற்கட்டும். நீலத் தார்ப்பாயைப் படகின் மேலேயே இறுக்கிச் சுற்றினால் வெயில் சூடு அப்படியே இறங்கும், காற்று ஓடாது, மழைக்காலத்தில் உள்ளே ஈரமும் தங்கும். நிழலில் இன்னொரு லாபமும் உண்டு. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு நிறம் வெளுத்த பாலிஎத்திலீன் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அப்புறம் ஒடுக்கு விழுவதற்குப் பதிலாக விரிசல் விழும்.

மூடிவைத்த படகு

படகைச் சுத்தமாக மூடிவைப்பது பாதுகாப்பு என்று பலர் ஹேட்ச் மூடிகளை (சாமான் வைக்கும் அறைகளின் மூடிகள்) இறுக்கி, வடிகால் திருகையும் முறுக்கிவிடுகிறார்கள். காலையில் 28 டிகிரியில் உள்ளே அடைபட்ட காற்று மதியம் 60 டிகிரிக்குப் போனால், அதன் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடப் பார்க்கும். விரிய இடமே கொடுக்காவிட்டால் அது சதுர அடிக்கு 90 கிலோவுக்கு மேல் தள்ளும் விசை. இளகியிருக்கும் மேல்தளம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் உப்புகிறது. இரவில் குளிர்ந்ததும் அதே காற்று சுருங்கி உள்ளே இழுக்கிறது. தினமும் இப்படி உப்பியும் ஒடுங்கியும் தகடு தளர்ந்து, அழுத்தினால் 'டப்' என்று உள்ளே போய் வெளியே வரும் நிலைக்கு வந்துவிடும்.

வைக்கும்போதும் வண்டியில் போகும்போதும் திருகையும் மூடியையும் தளர்த்தியே வையுங்கள். எலி, பூச்சி பயம் இருந்தால் கொசுவலைத் துணியை வாயில் கட்டினால் போதும். உள் தடுப்பில் குண்டூசி அளவுத் துளை ஒன்று தெரிந்தால் சிலிக்கான் வைத்து அடைத்துவிடாதீர்கள். பல படகுகளில் இந்த அழுத்தம் வெளியேறவே அதை விட்டிருக்கிறார்கள். நெடுஞ்சாலை வெயிலில் வந்த படகை அதே சூட்டோடு மூடித் தண்ணீரில் இறக்குவதும் தவறு. காற்று சட்டென்று சுருங்கும்போது மூடியின் ரப்பர் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டு, இறக்குவதற்கு முன் மூடினால் போதும். அப்போது மூடியே ஆக வேண்டும், மறக்கக் கூடாது.

உள்ளே தண்ணீர் தேங்கவிடாதீர்கள். 10 லிட்டர் என்றால் 10 கிலோ, அதுவும் ஒரே பள்ளத்தில். அதேபோல மேல்தளத்துக்கும் அடிக்கும் நடுவே முட்டுக்கொடுக்கும் ஃபோம் தூண் உள்ள படகுகளில், அது இடம் நகராமல் நேராக நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள்.

வண்டியில் ஏற்றும்போது

கார் மேல் போகும் படகைக் கெடுப்பது பெரும்பாலும் பயம்தான். பறந்துவிடுமோ என்று லாரிக்குக் கட்டும் ராட்செட் ஸ்ட்ராப் வாங்கி, கைப்பிடி நகராத வரை முறுக்குகிறார்கள். ராட்செட்டின் நெம்புவிசை எவ்வளவு அழுத்துகிறது என்பது கைக்குத் தெரியாது. படகு நசுங்கிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள, கேம் பக்கிள் (கையால் இழுத்த வாரைப் பற்களால் பிடித்து நிறுத்தும் கொக்கி) வைத்த ஸ்ட்ராப் இரண்டு போதும். வார் நுனியைக் கையால் இழுத்து, இழுக்க முடிகிற அளவில் நிறுத்துங்கள். சரிபார்க்க, படகைப் பிடித்து ஆட்டினால் காரும் சேர்ந்து ஆட வேண்டும்; வார் தொடும் இடத்தில் பிளாஸ்டிக் உள்ளே குழியக் கூடாது. தேங்காய் நார்க் கயிறு உறுத்தும், சாதாரண நைலான் கயிறு நனைந்தால் நீளும், இரண்டும் வேண்டாம்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். பாலிஎத்திலீன் சூட்டில் நீளுவது இரும்பைப்போலப் பத்து மடங்குக்கு மேல்: மீட்டருக்கு, 10 டிகிரிக்கு, ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர். விடியற்காலை 25 டிகிரியில் கட்டிய 3 மீட்டர்ப் படகு, பதினொரு மணிக்கு 55 டிகிரிக்கு வந்தால் ஒன்றரை சென்டிமீட்டர் வாக்கில் நீண்டிருக்கும். அகலத்திலும் கனத்திலும் அதே விகிதத்தில் விரிந்திருக்கும். வாரோ அப்படியே இருக்கிறது. காலையில் சரியாக இருந்த இறுக்கம் மதியத்தில் படகை நசுக்குவது இதனால்தான். மதியம் கட்டினால் மாலையில் தளர்ந்துவிடும், அது வேறு ஆபத்து. ஆகவே வேலூரிலிருந்து கிளம்பினால் வாலாஜாபேட்டை தாண்டி ஒருமுறை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்னொருமுறை நிறுத்தி, வாரைக் கையால் தொட்டுப் பாருங்கள். சாப்பிட நிறுத்தினால் காரை நிழலில் விடுவதோடு வாரையும் தளர்த்துங்கள். திரும்ப ஏறும்போது இறுக்க மறக்காமலிருக்க, சாவியோடு ஒரு துண்டுத் துணியைக் கட்டிவைத்துக்கொள்ளலாம்.

ரூஃப் ரேக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு நல்லது. 75 சென்டிமீட்டருக்குக் கீழே போக வேண்டாம். கம்பியில் ஈ.வி.ஏ. சுற்றி, படகைக் கவிழ்த்து வையுங்கள். மேலே உட்காரும் வகைக்கு இதுவே சிறந்தது. முன்னும் பின்னும் பம்பருக்கு இழுக்கும் கயிறு, படகு பக்கவாட்டில் திரும்பாமலிருக்கத்தான். அதை முறுக்கி இழுத்தால் மூக்கு கீழ்நோக்கி வளைந்துவிடும். தொய்வு எடுத்தால் போதும்.

குட்டி யானையில் ஏற்றுவது தனிக் கதை. அதன் தொட்டி நீளம் சுமார் 7 அடி, படகு 10 அடி. பின்கதவை மூடிவிட்டு, படகின் முன்முனையைத் தரையிலும் அடிப்பகுதியைக் கதவின் மேல் விளிம்பிலும் சாய்த்து, நடுவில் கயிறு போட்டு இழுத்துக் கட்டுகிறார்கள். மூன்றடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கீழே மெல்லிய இரும்பு விளிம்பு, மேலே கயிற்றின் அழுத்தம், ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு குத்து. படகின் குறுக்கே சரியாக ஒரு கோடு ஒடுக்கு விழும். பின்னால் வரும் பைக்காரருக்கும் அந்த மூன்றடி ஆபத்து. வாடகை கொஞ்சம் கூடினாலும் 9 அடித் தொட்டி உள்ள பிக்கப் பேசுங்கள். அதில் மூலைவாட்டமாக வைத்தால் 10 அடிப் படகு அடங்கிவிடும். தரையில் வைக்கோல் அடைத்த இரண்டு சாக்கு மூட்டைகளை 5 அடி இடைவெளியில் போட்டு, அதன் மேல் கவிழ்த்து வைத்து, வாரை அந்த மூட்டைகளுக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். இரண்டு மூட்டைகளுக்கும் நடுவே கட்டவே கூடாது. திரும்பி வரும்போது ஓட்டுநர் வேறு சரக்கு ஏற்றினால் படகின் மேல் போடாமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலைதான்.

கரையிலிருந்து தண்ணீர் வரை தள்ளிப்போக, மேல்தளத்துத் தண்ணீர் கீழே வடிய விட்ட ஸ்கப்பர் துளைக்குள் கம்பி நுழையும் தள்ளுவண்டியைவிட, அடிப்பகுதியைத் தொட்டில்போலத் தாங்குவது மேல். துளையின் ஓரம் படகின் மெலிந்த இடங்களில் ஒன்று. அங்கே முழு எடையும் ஆடினால் விரிசல் விடும்.

ஒடுக்கு விழுந்துவிட்டால்

முதலில் எதையும் செய்யாமல், படகைக் கவிழ்த்து, மேலே சொன்ன தாங்கிகளில் வைத்து, மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் விடுங்கள். பாலிஎத்திலீனுக்குப் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணம் உண்டு. புதிதாக விழுந்த ஒடுக்கு பாதிக்கு மேல் தானாகவே எழும்பிவிடும்.

மிச்சம் இருந்தால் இருக்கையைக் கழற்றுங்கள். ஒடுக்கின் மேல் தடித்த துண்டை மடித்துப் போட்டு, 80 டிகிரி வாக்கில் சூடான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு நிமிடம் ஊற்றுங்கள். ரப்பர் கையுறை அவசியம். பிளாஸ்டிக் இளகியதும், ஈ.வி.ஏ. ஒட்டிய மரக்கட்டையை உள்ளிருந்து வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். அசல் வடிவத்தைக் கொஞ்சம் தாண்டித் தள்ளினால், விட்டதும் சரியான இடத்துக்கு வந்து நிற்கும். பிறகு ஈரத்துணி போட்டுக் குளிரவைத்து, கட்டையை எடுக்காமல் இரவு முழுக்க விடுங்கள். எல்லாரும் அவசரப்படுவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்: சூடு ஆறுவதற்குள் கட்டையை எடுத்தால் ஒடுக்கு திரும்பி வந்துவிடும்.

அடுப்புத் தீயோ புளோ லாம்ப்போ படகின் பக்கமே வரக் கூடாது. ஹீட் கன் பயன்படுத்தினால் ஓரடி தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருங்கள். மேற்பரப்பு பளபளக்கத் தொடங்கினால் உருக ஆரம்பித்துவிட்டது என்று பொருள், உடனே நிறுத்துங்கள். ஒடுக்கின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் இழுபட்டுத் தளர்ந்திருக்கிறது. நகத்தால் வருடிப் பாருங்கள், நகம் மாட்டினால் அது விரிசல். சாதாரண பாலிஎத்திலீன் என்றால் அதே பிளாஸ்டிக் குச்சியை வைத்து வெல்டிங் செய்யலாம். குறுக்குப் பிணைப்பு (cross-linked) உள்ள வகை உருகி ஒட்டாது, அதற்கு வெல்டிங் பலிக்காது. படகு எந்த வகை என்று அதன் விவரத்தாளைப் பார்த்துவிட்டு வெல்டரிடம் கொண்டுபோங்கள்.