சார்மவுத் கடற்கரையில் புதைபடிவம் தேடும் முறை

இங்கிலாந்தின் டோர்செட் கரையிலுள்ள சார்மவுத்தில், ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகள் பழமையான களிமண் பாறைகளைக் கடல் அரித்துக்கொண்டே இருப்பதால், புதைபடிவங்கள் தாமாகவே மணலுக்கு வந்து சேர்கின்றன. ஆகவே பாறைமுகட்டைச் சுத்தியலால் தட்ட வேண்டிய தேவையே இல்லை. அது எந்நேரமும் சரியக்கூடியது என்பதால் அதன் அடியில் நிற்பதும் கூடாது.

குளிர்காலப் புயல் ஓய்ந்த பின், கடலின் ஏற்ற இறக்க நேரத்தைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்துக் கடல் உள்வாங்கத் தொடங்கும் நேரத்தில் செல்லுங்கள். நீர்விளிம்பில் கூழாங்கற்களுக்கிடையே குனிந்து மெதுவாகத் தேடினால், பித்தளைபோல் மின்னும் சிறு சுருள்கள் தென்படும். அவை பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமமாக மாறிய அம்மோனைட்டுகள், அதாவது சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரிகள். துப்பாக்கி ரவை வடிவில் கிடப்பவை பெலம்னைட்டுகள், அதாவது கணவாயை ஒத்த, அழிந்துபோன உயிரிகளின் எச்சங்கள். உள்ளே புதைபடிவம் இருக்கக்கூடிய சாம்பல் நிற உருண்டைக் கற்களைப் பிளப்பதானால், பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம்.

பலரும் அலட்சியப்படுத்துவது பராமரிப்பைத்தான். ஈரக்காற்று பட்டால் பைரைட் சிதைந்து கந்தக அமிலம் உருவாகி, மாதிரி மஞ்சள் கலந்த வெண்பொடியாக உதிர்ந்துவிடும். எனவே நன்னீரில் உப்பை அகற்றி, முழுவதும் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வையுங்கள். கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதிய சீட்டு இல்லாத மாதிரிக்கு, என் கருத்தில், பாதி மதிப்புகூட இல்லை.

எலும்போ அரிய உயிரினமோ கிடைத்தால், உள்ளூர் நடத்தை விதிகளின்படி சார்மவுத் பாரம்பரியக் கடற்கரை மையத்தில் பதிவு செய்யுங்கள். அருகிலுள்ள லைம் ரீஜிசில் 1811ஆம் ஆண்டில் புகழ்பெற்ற புதைபடிவச் சேகரிப்பாளர் மேரி அன்னிங்கின் சகோதரர் கண்டெடுத்த, இக்தியோசர் என்னும் பழங்காலக் கடல் ஊர்வனவின் மண்டையோடுகூட, முறையான கல்வி பெற்ற அறிஞர் எவருக்கும் முதலில் கிடைத்ததன்று.