பாக்ஸ்டர் நெரிசலில் சூடாகிறதா? ரேடியேட்டர் ஷ்ரவுடைக் கழற்றிச் சுத்தம் செய்யும் முறை

நான்கு வழிச்சாலையில் போகும்போது எந்தக் குறையும் தெரியாது. திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே பத்து நிமிடம் நெரிசலில் நின்றால் மட்டும் வெப்பமுள் ஏறும், ஏசி காற்று வெதுவெதுப்பாகும். உங்கள் காரின் கதை இதுதான் என்றால், தெர்மோஸ்டாட்டையும் தண்ணீர் பம்பையும் மாற்றச் சொல்கிறவர்களிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு இதைப் படியுங்கள்.

நான் வேலை பார்த்தது என் மச்சான் பழையதாக வாங்கிய போர்ஷே பாக்ஸ்டரில். 2005 முதல் 2012 வரை வந்த 987 வகை. இதில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது; ரேடியேட்டர்களோ முன்பம்பருக்குள், இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னால் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கின்றன. சில வகைகளில் நடுவில் மூன்றாவதும் உண்டு. பக்க ரேடியேட்டர் ஒவ்வொன்றின் முகத்திலும், ஏசி வாயுவின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ஒன்று ஒட்டினாற்போல் நிற்கிறது. பம்பரின் திறப்பிலிருந்து கண்டென்சர் வரை காற்றைக் கொண்டுவரும் பிளாஸ்டிக் கூடுதான் ஷ்ரவுடு. முன்னால் குனிந்து டார்ச் அடித்தால் கண்டென்சரின் முகம் மட்டும்தான் தெரியும். அது பளிச்சென்று இருக்கும். குப்பை கிடப்பது அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்தில்.

நம் பக்கத்தில் இந்தச் சந்து சீக்கிரம் நிறைவதற்குக் காரணம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் வள்ளியூர், பணகுடி வழியாகப் போனால் காற்று மண்ணை வாரி வீசுகிறது. திசையன்விளைப் பக்கம் தேரிச் செம்மண். சங்கரன்கோவில் சாலையில் அறுவடைக் காலத்தில் தானியத்தை ரோட்டிலேயே காயப்போடுகிறார்கள். உமியும் தூசியும் நேராக உள்ளே போகின்றன. இவற்றோடு எருக்கம்பஞ்சு, வேப்பம்பூ, மழை விட்ட இரவுகளில் ஈசல். தரையோடு தரையாக வாய் திறந்து ஓடும் கார் எல்லாவற்றையும் விழுங்கத்தானே செய்யும்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் காதை வைத்துக் கேளுங்கள். ஒரு பக்கம் ஃபேன் சத்தமே இல்லை என்றால் முதல் பிரச்சினை அதுதான்; குப்பையை எடுத்தாலும் முள் இறங்காது. ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓட்டும் ரெசிஸ்டர் எரிந்துபோவது இந்தக் கார்களில் வழக்கம். இரண்டும் ஓடுகின்றன, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் அளவும் சரி என்றால் மேலே போகலாம்.

கருவிகளில் நான் பிடிவாதக்காரன். டோர்க்ஸ் எனப்படும் ஸ்டார் பிட்டுகளில் டி20 முதல் டி30 வரை நல்ல தரத்தில் வாங்குங்கள். மலிவான பிட் திருகின் தலையை மழுக்கிவிடும். பிறகு அந்தத் திருகைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். 10 எம்எம் சாக்கெட், கிளிப் நெம்பும் பிளாஸ்டிக் கம்பி, பெயின்ட் பிரஷ், ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு போதும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். கழற்றும் திருகுகளுக்கு முட்டை அட்டையைவிட நல்ல பெட்டி எனக்குத் தெரியாது: ஒவ்வொரு குழியிலும் ஓர் இடத்துத் திருகு, பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர். வாட்டர் சர்வீஸில் இருக்கும் உயர் அழுத்தத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். ரேடியேட்டரிலும் கண்டென்சரிலும் வரிசையாக உள்ள அலுமினியத் துடுப்புகள் தாளைப் போல மெல்லியவை. ஒரே வீச்சில் வரிசையாக மடங்கிவிடும். தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் கைத்தெளிப்பான் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். களைக்கொல்லி அடித்த பழையது வேண்டாம்.

எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். காலையில் தொடங்குவது நல்லது. சித்திரை வெயிலில் மதியம் தொடங்கினால் உங்களுக்குத்தான் கூலிங் சிஸ்டம் தேவைப்படும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள், ஃபேன் திடீரென்று சுற்றாமல் இருப்பதற்காக. பேட்டரி முன்பெட்டிக்குள், அதாவது காரின் முன்பக்கச் சாமான் பெட்டிக்குள் இருக்கிறது.

(பின்னர் சேர்த்தது: இதைப் படித்த ஒருவர் பேட்டரியைக் கழற்றிய கையோடு முன்பெட்டி மூடியைச் சாத்திவிட்டார். 987-இல் அந்த மூடியின் பூட்டு மின்சாரத்தில்தான் திறக்கும். ஃபியூஸ் பெட்டியில் இதற்கென்றே உள்ள முனைக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத் திறக்கும் வழி கையேட்டில் இருக்கிறது. ஆனாலும் வேலை முடியும் வரை பூட்டின் மேல் ஒரு கனமான துணியைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.)

பம்பர் கழற்றுவது பார்க்கப் பயமாக இருக்கும். உண்மையில் பொறுமை வேலை. மேல் விளிம்பில், அடியில், சக்கர வளைவின் உட்புறத்தில், பக்க விளக்கைக் கழற்றினால் அதன் பின்னால் என்று திருகுகள் இருக்கின்றன. எண்ணிக்கை வகைக்கு வகை மாறும். எல்லாவற்றையும் எடுத்தபின் இருவராகப் பிடித்து நேராக முன்னோக்கி இழுங்கள். எங்கேயாவது பிடித்தால் அங்கே இன்னொரு திருகு இருக்கிறது என்று அர்த்தம். பலத்தைக் காட்ட வேண்டாம். முழுதாக வெளியே எடுப்பதற்கு முன் விளக்கு, சென்சார் வயர்களையும், ஹெட்லைட் கழுவும் குழாய் இருந்தால் அதையும் பிரியுங்கள். பம்பரைப் பழைய மெத்தையில் கிடத்துங்கள். இந்தக் கட்டத்தில் எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து "பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டீர்களே தம்பி" என்றார். மறுக்க முடியவில்லை.

இனி ஷ்ரவுடு. வேலையிலேயே அதிக நேரம் எடுத்தது இதுதான். திருகு குறைவு, ஓரங்களில் உள்ள பிளாஸ்டிக் கொக்கிகளும் ரப்பர் உதடுகளுமே இதைப் பிடித்திருக்கின்றன. பல ஆண்டுகள் வெயிலில் வெந்த பிளாஸ்டிக் வளையாது, முறியும். ஹேர் டிரையரை அரை நிமிடம் காட்டிக் கொக்கியின் அடியை இளகவிட்டு, பிளாஸ்டிக் கம்பியால் நெம்புங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கவே கூடாது. ஒரு கொக்கி விட்டதும் கூட்டை இழுக்கத் தோன்றும். இழுத்தால் அடுத்தது போச்சு. எல்லாக் கொக்கிகளும் விடுபட்ட பிறகு கூடு தானாகவே கையோடு வரும். எடுப்பதற்கு முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள், குறிப்பாக ரப்பர் உதடு எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்பதை.

அடுத்து, கண்டென்சரை ரேடியேட்டரோடு பிணைக்கும் திருகுகளைத் தளர்த்தி, அதை முன்பக்கமாகச் சற்றுச் சாயுங்கள். இரண்டு விரல் நுழையும் அளவு போதும். ஏசி குழாய்களைக் கழற்றக் கூடாது, அவற்றில் அழுத்தத்தோடு வாயு இருக்கிறது. குழாயின் மூட்டில் இழுவை தெரிந்தால் அந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள்.

அந்தச் சந்து திறந்ததும் தண்ணீர் அடிக்காதீர்கள். ஈரமான தூசி சேறாகித் துடுப்புகளுக்குள் இறங்கிவிடும். முதலில் காய்ந்த குப்பை: சருகுகளைத் தென்னை ஈர்க்கால் வெளியே தள்ளுங்கள். ஈர்க்கு அலுமினியத்தைக் கீறாது. பிறகு பிரஷ், வாக்குவம் கிளீனர். இவ்வளவும் முடிந்த பிறகுதான் தெளிப்பான். முடிந்தவரை காற்று வரும் திசைக்கு எதிராக, பின்னாலிருந்து முன்னால் தண்ணீர் போகட்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. வெளியே வரும் தண்ணீர் தெளியும் வரை தொடருங்கள். மடங்கிய துடுப்பை நிமிர்த்தத் தனிச் சீப்பு விற்கிறார்கள். ஒன்றிரண்டுதான் என்றால் பல்குச்சி போதும்.

திரும்ப மாட்டும்போது ரப்பர் உதடுகளைக் கவனியுங்கள். காற்று எப்போதும் எளிய வழியைத்தான் தேடும். ஓரத்தில் இடைவெளி விட்டால் ரேடியேட்டருக்குள் புகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும், கழுவிய உழைப்பு வீண். உதடு கிழிந்திருந்தால் கதவுக்கு ஒட்டும் ஃபோம் பட்டை போதும். பேட்டரியை இணைத்து, ஏசி போட்டு இரண்டு ஃபேனும் ஓடுவதைப் பார்த்த பிறகே பம்பரை மாட்டுங்கள்.

இந்த வேலைக்குக் கூலன்டை வடிக்கத் தேவையே இல்லை. "அப்படியே அதையும் மாற்றிவிடலாமே" என்று பலர் கேட்கிறார்கள். இந்தக் காரில் வேண்டாம். எஞ்சினிலிருந்து ரேடியேட்டர் வரை காரின் நீளத்துக்குக் குழாய் ஓடுகிறது; காற்றுக்குமிழி சிக்கினால் வெளியேற்றுவது புதியவர் வேலையல்ல. அளவு குறைந்திருந்தால் காருக்குச் சொன்ன கூலன்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சமமாகக் கலந்து ஊற்றுங்கள். போர் தண்ணீர் கூடாது. ராதாபுரம் பக்கத்து உப்புத்தண்ணீர் உள்ளே போனால் எந்த ஈர்க்காலும் எடுக்க முடியாத படிவு உண்டாகும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், விஷம். சிந்தினால் தெருநாய் நக்குவதற்குள் கழுவிவிடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒருவர், கழுவிய பிறகும் ஏசி தேறவில்லை என்று படம் அனுப்பினார். துடுப்புகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஈரச் சருகும் கடல் காற்றும் சேர்ந்தால் அலுமினியம் இப்படித்தான் அரிக்கும். நகத்தால் லேசாகத் தொடுங்கள். உதிர்ந்தால் கண்டென்சரை மாற்ற வேண்டியதுதான். அது வாயுவை இறக்கி ஏற்றும் கருவி உள்ள ஏசி மெக்கானிக்கின் வேலை. அப்போது பம்பர் எப்படியும் கழன்றிருக்கும் என்பதால், திறப்புகளுக்குப் பின்னால் பெரிய கண் உள்ள அலுமினிய வலையைக் கட்டிவிடச் சொல்லுங்கள். கொசுவலை கட்டாதீர்கள், அது காற்றையே நிறுத்திவிடும்.