கதகதப்பான வீட்டுக்குச் சேமிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு குளிர்காலம் முடியும்போதும் எங்கள் வீட்டில் ஒரு சபதம் எடுப்போம்: அடுத்த குளிருக்குள் வீட்டைச் சரிசெய்துவிட வேண்டும். கூரைக்குக் கீழே வெப்பக்காப்பு, புது ஜன்னல், நல்ல ஹீட்டர் என்று பட்டியல் நீளும். சேமிக்கவும் தொடங்குவோம். எங்கள் சேமிப்பின் முதல் வழி, ஹீட்டரை அணைப்பது. பிள்ளைகள் இருமினார்கள், சுவரில் ஓதம் ஏறியது, அலமாரிக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. சேர்த்த பணத்தில் ஒரு பங்கு அந்தச் சுவரைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கப் போனது. மறு வருடம் அதே இடத்தில் பூஞ்சணம் திரும்ப வந்தது.

அந்தச் செலவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குளிரைச் சகிப்பதைச் சேமிப்பு என்று நினைப்பது

பெரிய தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். வீட்டிலிருந்து வெப்பம் வெளியேறும் வேகம், உள்ளே இருக்கும் வெப்பநிலைக்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் வித்தியாசம் 15. ஒரு டிகிரி குறைத்தால் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 7 சதவீதம் மிச்சம். இரண்டு டிகிரி குறைத்தால் 13 சதவீதம். நல்லதுதான். 22-ல் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு திரிகிறவர்கள் தாராளமாகக் குறைக்கலாம்.

ஆனால் இதற்கு ஒரு கீழ்வரம்பு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதல், குளிர்காலத்தில் வீட்டின் உட்பகுதிக்கு 18 டிகிரியைப் பாதுகாப்பான அளவாகச் சொல்கிறது. கைக்குழந்தை, வயதானவர், ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் அதற்கும் சற்று மேலேயே இருப்பது நல்லது. 18-க்குக் கீழே போய் மிச்சம் பிடிக்கும் காசு, இருமலாகவும் ஓதமாகவும் திரும்பி வரும்.

ஓதம் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 20 டிகிரியில், 60 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் காற்று சுமார் 12 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே அதன் மேல் தண்ணீராகப் படியத் தொடங்கிவிடும். காலையில் ஜன்னல் கண்ணாடி அழுவதுபோல் இருப்பதற்குக் காரணம் அதுதான். பூஞ்சணத்துக்கு அவ்வளவு தண்ணீர்கூடத் தேவையில்லை. சுவர்ப் பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டு நாள்கணக்கில் அப்படியே நின்றால் போதும், அது வேர்பிடித்துவிடும். வெளிச்சுவரின் மூலைகளும் அலமாரிக்குப் பின்புறமும்தான் வீட்டிலேயே மிகக் குளிர்ந்த இடங்கள், அங்கே காற்றும் நடமாடாது. ஹீட்டரை அணைத்துவிட்டு அதே நான்கு பேர் அங்கேயே குளித்து, சமைத்து, மூச்சுவிட்டு, துணி உலர்த்திக்கொண்டிருந்தால் சுவருக்கு வேறு வழியில்லை. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். இதற்கு ஒரு காசும் ஆகாது.

இதே காரணத்தால், ஒரு அறையை "நாம்தான் பயன்படுத்துவதில்லையே" என்று முழுக்கக் குளிரவிட்டு, கதவை மட்டும் திறந்துவைப்பதும் தவறு. மற்ற அறைகளின் ஈரக்காற்று அங்கே போய்ப் படியும். கதவைச் சாத்தி வையுங்கள், லேசான சூடும் இருக்கட்டும்.

வீட்டை முழுக்கச் சூடாக்குவதற்கும் நடுங்குவதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: ஆளைச் சூடாக்குவது. 1500 வாட் ஹீட்டர் நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் 6 யூனிட். 100 வாட் மின்போர்வை அதே நான்கு மணி நேரத்துக்கு 0.4 யூனிட். சோபாவில் உட்கார்ந்து படிக்கிறவருக்குப் போர்வையே போதும். கைக்குழந்தைகளுக்கு மட்டும் மின்போர்வையோ சுடுநீர்ப் பையோ வைக்க வேண்டாம், சூடு அதிகமானால் அதுகளால் உதறிவிட முடியாது.

எல்லா ஓட்டையையும் அடைத்துவிடுவது

கதவிடுக்கு, ஜன்னல் சட்டம், குழாய் நுழையும் துளை, பரணுக்கு ஏறும் மூடி, இவற்றின் வழியே வரும் குளிர்காற்றைத் தடுப்பதுதான் இருப்பதிலேயே மலிவான வேலை. காற்று வீசும் நாளில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு ஜன்னல் ஓரமாக நடந்தால் புகையே வழிகாட்டும். (திரைச்சீலையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள்.) ஃபோம் டேப், கதவடியில் ஒரு பிரஷ், கொஞ்சம் சிலிக்கான் பேஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதான்.

ஆனால் உற்சாகத்தில் வென்டிலேட்டரையும் சேர்த்து அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எரிவாயு, விறகு, மண்ணெண்ணெய் என்று எதை எரிக்கும் அடுப்போ ஹீட்டரோ இருக்கும் அறையில் காற்றுவழியை அடைப்பது உயிரோடு விளையாடுவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று ஆரம்பிக்கும், காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்துப் படுத்துவிடுவோம். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் குளிர்காய்வதை எந்தச் சிக்கனமும் நியாயப்படுத்தாது. எரிக்கும் கருவி இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்குவதுதான் பட்டியலில் முதல் செலவு.

புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி உண்டாகும். ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். அந்தத் தண்ணீர் முழுக்க அறைக்குள்தான் போகிறது. ஹீட்டர் ஓட ஓட ஏன் ஜன்னல் வழிகிறது என்று நாங்கள் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

காலையும் மாலையும் ஐந்து பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களை நன்றாகத் திறந்துவிடுங்கள். வீடு சில்லிட்டுவிடாதா? விடாது. காற்றில் தங்கும் வெப்பம் சொற்பம். சுவரிலும் தரையிலும் சாமான்களிலும்தான் வெப்பம் சேர்ந்திருக்கிறது, அது சில நிமிடத்தில் போய்விடாது. நாள் முழுக்க ஜன்னலை ஒரு விரலளவு திறந்துவைப்பதுதான் நஷ்டம். சமைக்கும்போது பாத்திரத்தை மூடுவது, குளித்தபின் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவது, துணியை ஜன்னல் உள்ள ஏதாவது ஒரு அறையில் கதவைச் சாத்தி உலர்த்துவது எல்லாம் இதோடு சேர்ந்தவை.

கண்ணுக்குத் தெரிவதை முதலில் செய்வது

புது ஜன்னல் அழகாக இருக்கும், வருகிறவர்களிடம் காட்டலாம். கூரைக்கடியில் விரித்த கண்ணாடி நார்ப் பஞ்சை யாருக்குக் காட்டுவது? அதனால்தான் வரிசை தலைகீழாகிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

சூடான காற்று மேலே ஏறும். மேலே ஓட்டை இருந்தால் அதன் வழியே வெளியேறி, கீழ்வழியாகக் குளிர்காற்றை உள்ளே இழுக்கும். ஆகவே பெரும்பாலான தனி வீடுகளுக்குப் பொருந்தும் வரிசை இது: முதலில் ஒழுகலும் ஈரக்கசிவும், அடுத்து காற்றிடுக்குகள், பிறகு கூரை, அப்புறம் சுவரும் தரையும், ஜன்னல், கடைசியாக ஹீட்டர். அடுக்குமாடியில் மேலே வேறொரு வீடு இருந்தால் கூரையை விட்டுவிட்டு வெளிச்சுவருக்கும் ஜன்னலுக்கும் வாருங்கள்.

ஒழுகலுக்கு ஏன் முதலிடம்? வெப்பக்காப்பில் வேலை செய்வது பஞ்சு அல்ல, பஞ்சுக்குள் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பஞ்சு, போர்த்திய ஈரத்துணி மாதிரி. அதன் மேல் பெட்டிகளை அடுக்கி நசுக்கினாலும் இதே கதி, உள்ளே காற்றே இருக்காது.

கனம் விஷயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. காப்பின் தடிமனை இரட்டிப்பாக்கினால் அதன் வழியே போகும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகும். அப்படியென்றால் ஒன்றுமே இல்லாத கூரைக்குப் போடும் முதல் 10 சென்டிமீட்டர் கொடுக்கும் லாபம் மிகப் பெரிது, அடுத்த 10 அதைவிடக் குறைவு, அதற்கடுத்தது இன்னும் குறைவு. ஏற்கெனவே நல்ல கனத்தில் இருக்கிற கூரையில் மேலும் கொட்டுவதைவிட, ஒன்றுமே இல்லாத சுவருக்கு அந்தப் பணம் போகட்டும். கூரை ஓரத்துக் காற்றுத்துளைகளை மட்டும் பஞ்சால் மூடிவிடாதீர்கள், மரச்சட்டம் உளுத்துப்போகும். பழைய வயரிங் இருந்தால் எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் விரிக்க வேண்டும். காப்புக்குள் புதைந்த ஒயர் சூட்டை வெளியேவிட வழியில்லாமல் காயும்.

ஹீட்டர் ஏன் கடைசி? ஓட்டை வீட்டுக்கு அளவெடுத்து ஹீட்டர் வாங்கினால், ஓட்டையை அடைத்த பிறகு அது தேவைக்கு மீறிய பெரிய சாமான் ஆகிவிடும். அதுவரை ஒப்பேற்ற மின்ஹீட்டர் வாங்குவதாக இருந்தால் விளம்பரத்தை நம்பி அதிகம் கொடுக்காதீர்கள். ஃபேன் ஹீட்டர், ஆயில் ஹீட்டர், ஹாலஜன் எதுவானாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான். "பாதி மின்சாரத்தில் அதே சூடு" என்பது சுருள் ஹீட்டர்களில் நடக்காத காரியம். ஹீட் பம்ப் மட்டும் வேறு ஜாதி. அது வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளுவதால், ஒரு யூனிட்டுக்குச் சாதாரணமாக மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும். எந்த ஹீட்டரானாலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருக வேண்டாம், சுவர் பிளக்கில் நேராக.

பணத்தில் செய்யும் தவறுகள்

முழுத்தொகையும் சேரட்டும் என்று மூன்று வருடம் காத்திருப்பது பலரும் செய்வது. அந்த மூன்று குளிர்காலமும் ஓட்டை வழியே பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். சின்ன வேலையை இந்த மாதமே செய்து, அதில் மிச்சமாவதைப் பெரிய வேலைக்கான கணக்கில் போடுங்கள்.

எவ்வளவு மிச்சமாகும் என்று எப்படித் தெரியும்? மின்சாரமோ எரிவாயுவோ, வீட்டைச் சூடாக்க எதைப் பயன்படுத்துகிறீர்களோ அதன் பில்களை எடுங்கள். ஹீட்டரும் ஏசியும் ஓடாத ஒரு மாதத்தில் 250 யூனிட், கடுங்குளிர் மாதத்தில் 600 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். சூடாக்க ஆவது சுமார் 350. ஒரு கான்ட்ராக்டர் வந்து "மாதம் 400 யூனிட் மிச்சம்" என்றால் சிரித்துக்கொண்டே அனுப்பிவிடலாம். இந்த ஒரு கழித்தல் கணக்கைப் போடாமல் கையெழுத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருவன்.

வீட்டுச் சேமிப்பையும் அவசரகாலப் பணத்தையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் பழுதானால் முதலில் கரைவது கூரைக்கு வைத்த பணம்தான். சம்பளம் வந்த அன்றே தனிக்கணக்குக்கு மாற்றிவிடுங்கள், மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. வாடகை வீடு என்றால் கழற்றி எடுத்துப்போகக் கூடியவற்றில் மட்டும் பணம் போடுங்கள்: கனத்த திரைச்சீலை, தரைவிரிப்பு, ஜன்னலுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் படலம். ஜன்னலுக்கடியில் ரேடியேட்டர் (சுடுநீர் ஓடும் சுவர் ஹீட்டர்) இருந்தால் திரைச்சீலை அதை மூடித் தொங்கக்கூடாது, சூடு முழுக்கக் கண்ணாடிக்குப் போய்விடும்.

இன்னொன்று, இதை யாரும் தவறு என்றே நினைப்பதில்லை. பகலெல்லாம் சூடான அலுவலகத்தில் இருந்துவிட்டு வருகிறவர், வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் குறைக்கிறார். பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் விறைக்கிறார். யார் அதிக நேரம் வீட்டில் இருக்கிறாரோ அவர் சொல்லும் எண்தான் எண் என்று எங்கள் வீட்டில் இப்போது வைத்திருக்கிறோம். பிள்ளைகளிடம் "லைட்டை அணை, கதவைச் சாத்து" என்று கத்துவதைவிட, ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து எங்கே ஆடுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னது நன்றாக வேலை செய்தது. நான் பார்க்காமல் விட்ட இரண்டு இடுக்கு அவர்கள் கண்ணில் பட்டது.

வேலை முடிந்த பிறகும் ஒரு தவறு மிச்சமிருக்கிறது. வீடு சூட்டைப் பிடித்துவைக்கிறதே என்ற சந்தோஷத்தில் 19-ல் இருந்தது 22 ஆகும், அணைத்து வைத்திருந்த அறையிலும் ஹீட்டர் ஓடும், பில் குறையவே குறையாது. அப்புறம் "இன்சுலேஷன் எல்லாம் ஏமாற்று" என்று பேச்சு வரும். கொஞ்சம் கூட்டிக்கொள்வதில் தப்பில்லை, அதற்காகத்தானே இவ்வளவு பாடு. 19-ஐ 20 ஆக்கிக்கொள்ளுங்கள், போன வருடம் இதே மாதத்துப் பில்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குறைந்த தொகையை ஜன்னல் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.